ப்ரிம் ஏன் சாக வேண்டும்? – 'மாக்கிங்ஜே' நூலின் முடிவைப் பற்றி

நல்ல கதைக்கு நல்ல முடிவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது நல்ல முடிவு என்று கேட்கும்போதுதான் தகராறு வருகிறது. காலாண்டு விடுமுறை முடிந்த நாள் தொட்டு எங்கள் பத்தாம் வகுப்பில் ஓயாத வாக்குவாதம் ஒன்று நடந்து வருகின்றது. அது கணக்கைப் பற்றியதும் அன்று, அரசுத் தேர்வைப் பற்றியதும் அன்று. (பெற்றோர் எங்களை மன்னிப்பார்களாக! சற்றுப் பொறுத்தால் கணக்கும் வரும்.) அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் மூன்று புதினங்களில் கடைசியாகிய 'மாக்கிங்ஜே' முடிந்த விதம் சரியா, தவறா என்பதே அந்த வாக்குவாதம்.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றி எழுத இயலாது. ஆகவே இந்நூல்களை இனிமேல்தான் படிக்கப் போகிற தங்கைகள் இப்பக்கங்களைத் தாண்டிச் சென்று, படித்து முடித்தபின் திரும்பி வரலாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

1516-ஆம் ஆண்டில் புனித தாமஸ் மோர் 'உட்டோப்பியா' என்ற நூலை இலத்தீனில் எழுதினார். குறைகள் நீங்கிய ஒரு கற்பனைத் தீவைப் பற்றியது அது. அதற்கு நேர் எதிராக, எல்லாமே கெட்டுப்போன ஒரு வருங்கால நாட்டைக் கற்பனை செய்து எழுதும் கதைகளும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' இவ்வகையில் பெயர்பெற்றது. பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்டு வந்த இத்தகைய கதைகளை எங்கள் வயதுப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு படிக்கும்படி செய்தவர்களுள் காலின்ஸ் முதன்மையானவர் எனலாம். முதல் நூல் 2008-இலும், இரண்டாவதாகிய 'கேட்சிங் ஃபயர்' 2009-இலும், 'மாக்கிங்ஜே' 2010 ஆகஸ்ட் 24-ஆம் நாளிலும் வெளிவந்தன. கடைசி நூலுக்கு முதல் அச்சிலேயே 12 இலட்சம் பிரதிகள் அச்சிட்டார்களாம்!

கதை நடக்கும் நாட்டின் பெயர் பேனெம். வட அமெரிக்கா அழிந்த பிறகு அதே மண்ணில் எழுந்த நாடு அது. செல்வத்தில் மிதக்கும் தலைநகர் ஒன்று. அதற்கு உழைத்துப் போடும் மாவட்டங்கள் பன்னிரண்டு. 'பேனெம்' என்றால் இலத்தீனில் அப்பம் என்று பொருள். இப்பெயரை நாங்கள் உச்சரித்தபோது, வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர், "அது கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் வருகிற சொல் அல்லவா?" என்று வியந்தார். அனுதின அப்பத்தைக் கேட்கும் இடத்தில் இலத்தீனில் அச்சொல்தான் வருகிறதாம். ஆனால் காலின்ஸ் எடுத்தது வேறிடத்திலிருந்து. உரோமைக் கவிஞர் ஜுவெனால் தம் மக்களைக் கடிந்துகொண்டபோது, வயிற்றுக்கு அப்பமும் கண்ணுக்கு வேடிக்கையும் கிடைத்தால் போதும் என்று அவர்கள் தங்கள் உரிமையை விட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அதிலிருந்து அப்பத்தை எடுத்து நாட்டுக்குப் பெயராக வைத்தார் காலின்ஸ். வேடிக்கைதான் அந்தக் கொடிய விளையாட்டு.

மாவட்டங்கள் முன்னொரு காலத்தில் கலகம் செய்தன. அதற்குத் தண்டனையாக ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பவேண்டும். இருபத்து நான்கு பேரையும் ஒரு களத்தில் விட்டுவிடுவார்கள். ஒருவரை ஒருவர் கொன்று கடைசியில் ஒருவர் மிஞ்சும்வரை அதைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்த்தே தீரவேண்டும்.

யார் போவது என்பது குலுக்கலில் தீர்மானமாகும். இங்கேதான் கணக்கு வருகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு என்று ஏறிப் பதினெட்டில் ஏழு சீட்டுகள் உன் பெயரில் பானைக்குள் இருக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் வீட்டில் பசியென்றால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டைக் கூடுதலாகப் போடலாம். அச்சீட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸுக்கு வயது 16. அவளுடைய சொந்தச் சீட்டுகள் 5. தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு மூன்று வீதம் ஐந்தாண்டுகளில் 15. ஆக 20. அவளுடன் வேட்டைக்குப் போகும் கேலுக்கு வயது 18, வீட்டில் ஐந்து பேர். எனவே 7-உம் 35-உம் சேர்ந்து 42. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த முப்பத்தைந்து கிடையாது. குலுக்கல் என்பது எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே ஏழையின் பெயரை அதிகமாக எழுதி வைக்கும் தந்திரம் இது. இதை விளக்குவதற்கு நூலாசிரியை அரைப் பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அந்த நாட்டைப் பற்றி அதற்குமேல் எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை.

காட்னிஸின் தங்கை ப்ரிம்ரோஸ். பன்னிரண்டு வயது. அவள் பெயரில் ஒரே ஒரு சீட்டு. அந்த ஒரு சீட்டுதான் எடுக்கப்படுகிறது. உடனே தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருகிறாள் காட்னிஸ். மூன்று நூல்களும் இந்த ஒரு செயலிலிருந்து பிறந்தவை என்பதை வாசகர்கள் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதலிரு நூல்களின் கதையை இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. காட்னிஸும் அவள் ஊர்ப் பையன் பீட்டாவும் ஆட்சியாளரை ஏமாற்றி இருவருமாகப் பிழைத்துவிடுகிறார்கள். அதனால் மக்கள் மனத்தில் தீப்பொறி விழுகிறது. மறு ஆண்டு அவர்களை மீண்டும் களத்துக்கு அனுப்புகிறார்கள். களம் உடைகிறது, கலகம் மூள்கிறது. காட்னிஸின் ஊராகிய பன்னிரண்டாம் மாவட்டம் குண்டு போட்டுச் சாம்பலாக்கப்படுகிறது.

அந்தச் சாம்பலின்மேல் காட்னிஸ் நடப்பதிலிருந்து 'மாக்கிங்ஜே' தொடங்குகிறது. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட பதின்மூன்றாம் மாவட்டம் உண்மையில் பூமிக்கடியில் உயிரோடு இருக்கிறது. அங்கேதான் கலகக்காரர்களின் தலைமை. தலைவி ஆல்மா காயின். அங்கே எல்லோருக்கும் சாம்பல் நிற உடை. அளந்து போட்ட சோறு. தினமும் காலையில் அன்றைய கால அட்டவணையை ஊதா மையினால் ஒவ்வொருவர் கையிலும் பதித்துவிடுவார்கள். மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உண்ணும் எங்கள் விடுதித் தோழியர் இந்த இடத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. கலகத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. எனவே காட்னிஸை ஒப்பனை செய்து, ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்தி, வீரவசனம் பேச வைக்கிறார்கள். தலைநகரும் இதைத்தானே செய்தது? பேசவேண்டிய வசனத்தை எழுதித் தருபவர் மாறியிருக்கிறார், அவ்வளவே. தலைநகரில் சிறைப்பட்ட பீட்டாவையோ நஞ்சு ஏற்றி, நினைவுகளைத் திரித்து, காட்னிஸைக் கண்டாலே கொல்லப் பாய்கிறவனாக ஆக்கிவிடுகிறார்கள். பின்னர் அவன் ஒவ்வொரு நினைவையும் தோழர்களிடம் சொல்லி, இது மெய்யா பொய்யா என்று கேட்டுக் கேட்டுத் தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறான். மூன்று நூல்களிலும் மிக அழகிய பகுதி எது என்று கேட்டால் எங்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வோம்.

இனி முடிவுக்கு வருவோம்.

நூலின் நடுப்பகுதியில், கேலும் பீட்டி என்ற பொறியியல் அறிஞரும் ஒரு குண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வேட்டைக்காரன் கண்ணி வைப்பது போன்ற குண்டு அது. முதலில் ஒரு வெடிப்பு. அடிபட்டவர்களைக் காப்பாற்ற மனிதர்கள் ஓடிவருவார்கள் அல்லவா? சற்றுப் பொறுத்து, அவர்கள் கூடியபின் இரண்டாம் வெடிப்பு. அதாவது மனிதனுடைய இரக்கத்தையே கண்ணியின் இரையாக வைப்பது. காட்னிஸ் அதைக் கேட்டு அதிர்ந்து, இப்படிச் செய்யலாமா என்கிறாள். எதிரி நமக்கு எந்த விதியைக் கடைப்பிடித்தான் என்கிற பொருளில் கேல் விடையளிக்கிறான். அந்த அத்தியாயத்தைப் படிக்கையில் எங்களில் யாரும் அதற்குமேல் அதை எண்ணவில்லை. போர்க்கதையில் குண்டு வராமல் வேறு என்ன வரும்?

கடைசியில் கலகப் படை தலைநகருக்குள் நுழைகிறது. அதிபர் ஸ்னோவின் மாளிகை முன்னே தலைநகரத்துக் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், குண்டு விழாமலிருக்கக் கேடயமாக. தலைநகரின் முத்திரை பொறித்த ஒரு விமானம் வருகிறது. சிறு சிறு வெள்ளிப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. விளையாட்டுக் களத்தில் பரிசுகளும் மருந்தும் வருவது அவ்விதப் பாராசூட்டுகளில்தான். ஆகவே குழந்தைகள் ஆவலோடு கை நீட்டி எடுக்கிறார்கள். அவற்றுள் சில வெடிக்கின்றன. கலகப் படையின் மருத்துவ உதவியாளர்கள் ஓடோடி வருகிறார்கள். அவர்களுக்கிடையே, பின்னால் சட்டை வெளியே தொங்க, பொன்னிறப் பின்னலோடு ஒரு சிறுமி. ப்ரிம்! காட்னிஸ் அவள் பெயரைக் கூவுகிறாள். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அப்போது மிச்சப் பாராசூட்டுகள் வெடிக்கின்றன.

பதினான்கு வயதுகூட நிரம்பாத ப்ரிம் நம் பள்ளியில் படித்திருந்தால் எட்டாம் வகுப்பில் இருந்திருப்பாள்.

இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லாமல் விளக்கத்துக்குப் போவது நியாயமாகாது. எங்கள் வகுப்பில் மூன்று நூல்களையும் படித்து முடித்தவர்கள் எழுவர். ஒருத்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. ஒருத்தி விடியற்காலை நான்கு மணிக்கு அழுதுகொண்டிருந்து, தலைவலி என்று அம்மாவிடம் தைலம் வாங்கித் தடவிக்கொண்டாள். தங்கை உள்ளவள் ஒருத்தி மறுநாள் உணவு இடைவேளையில் ஒன்றும் சொல்லாமல் எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். தங்கையோ, "எதுக்கு வந்தே? எல்லாரும் பார்க்கிறாங்க, போ!" என்று விரட்டிவிட்டாள். அழுகை அடங்கியபின் எல்லோருக்கும் வந்தது கோபம். எந்தத் தங்கைக்காகக் கதை தொடங்கியதோ அவளையே கொன்றுவிட்டால், இதுவரை பட்ட பாடெல்லாம் எதற்கு? ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எங்களை நடத்திக்கொண்டு வந்தது இதற்குத்தானா? இவ்வாறு கேட்டவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். 2010-ஆம் ஆண்டில் இந்நூல் வந்தபோதே உலகெங்கும் இளம் வாசகர்கள் இதே கேள்வியால் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

எங்கள் கருத்து இது: ப்ரிம் இறக்காவிட்டால் இந்நூல் பொய்யாகிவிடும்.

ஏனென்று பார்ப்போம். சூசன் காலின்ஸின் தந்தை அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர். 1968-இல், மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது வியட்நாம் போருக்குச் சென்றார். அந்த ஓராண்டைப் பற்றிக் காலின்ஸ் சிறு குழந்தைகளுக்காக 2013-இல் ஒரு படப் புத்தகமே எழுதியுள்ளார். ஓர் இரவு தொலைக்காட்சியில் நிலையங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சியும், மற்றொன்றில் ஈராக் போரின் காட்சிகளும் மாறி மாறி வந்தனவாம். இரண்டும் கண்ணுக்குள் ஒன்றாகக் கலந்துபோனதிலிருந்துதான் கதை உருவாயிற்று என்று அவரே கூறியிருக்கிறார். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரேத்தா தீவின் அரக்கனுக்கு இரையாக அனுப்பிய பழைய கிரேக்கக் கதையும் அவருக்குத் துணை நின்றது.

இன்னொன்றும் அவர் சொல்லியிருக்கிறார். போர் எப்போது நியாயமாகும், எப்போது ஆகாது என்ற கேள்வியை இளையோருக்கு எழுதுவதே தம் நோக்கம் என்றார். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் இதைக் கேட்டபோது, இது மிகப் பழைய கேள்வி என்று விளக்கினார்கள். புனித அகுஸ்தினார் இதைப் பற்றி எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகள் வகுத்தார்: போரைத் தொடுப்பவருக்கு முறையான அதிகாரம் வேண்டும், காரணம் நியாயமானதாக வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்கவேண்டும். இவை போரைத் தொடங்குவதற்கு உரியவை. போருக்குள் நடந்துகொள்ளும் முறை என்று வேறொன்று உண்டு. ஆயுதம் ஏந்தாதவரைத் தாக்கலாகாது. காயப்பட்டவரையும் அவருக்கு மருந்திடுபவரையும் தொடலாகாது. 1864-இல் ஜெனீவாவில் செய்த உடன்படிக்கையின் கருவே இதுதான். 1949-ஆம் ஆண்டின் உடன்படிக்கைகளும் 1977-இன் இணைப்புகளும் இதை விரிவாக்கின.

இப்போது அந்தக் குண்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பேனெம் மக்களின் போருக்குக் காரணம் நியாயமானதே. குழந்தைகளைக் கொன்று வேடிக்கை பார்க்கும் ஆட்சியை எதிர்ப்பது நியாயமில்லையென்றால் வேறு எதுதான் நியாயம்? ஆனால் காரணம் நியாயமாக இருப்பதாலேயே செய்கிற எல்லாமும் நியாயமாகிவிடுமா? இதற்கு 'ஆகாது' என்று எந்த வாத்தியாரும் கரும்பலகையில் எழுதிவிடலாம், நாங்களும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். காலின்ஸ் அப்படிச் செய்யவில்லை. குண்டு யாரோ பெயர் தெரியாத குழந்தைகள்மேல் மட்டும் விழுந்திருந்தால், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். வெற்றி விழாவுக்குக் கைதட்டியும் இருப்போம். ஏனென்றால் நடுப்பகுதியில் அக்குண்டைப் பற்றிப் படித்தபோது யாருக்கும் தூக்கம் கெடவில்லையே! ப்ரிம் அங்கே நிற்பதால்தான் தூக்கம் கெட்டது.

அடுத்த அதிர்ச்சி, குண்டைப் போட்டது யார் என்பது. தோற்றுப்போன ஸ்னோ தம் ரோஜாத் தோட்டத்தில் காட்னிஸிடம் சொல்கிறார்: தப்பிச் செல்ல விமானம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேனே, என் பக்கத்துக் குழந்தைகளைக் கொன்று எனக்கு என்ன இலாபம் என்கிறார். தலைநகரின் காவலர்களே அந்தக் காட்சியைக் கண்டு ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். ஆகவே இலாபம் அடைந்தவர் காயின். பதினான்கு வயது நிரம்பாதவளைப் போர்முனைக்கு அனுப்ப அனுமதி தந்திருக்கக்கூடியவரும் காயின் போன்ற மேலிடத்தார்தாம். நூலில் இதற்கு நேர் சாட்சி கிடையாது. கேலிடம் காட்னிஸ் கேட்கும்போது, அது தன்னுடைய குண்டா இல்லையா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. நட்பு அந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. கேலின் பக்கம் நின்று வாதாடிய தோழியர் இருவருக்கு இது பெரிய அடி. அவன் தன் தம்பி தங்கைகளைப் பசியிலிருந்து காத்தவன், ப்ரிம்மையும் காத்தவன், அவன் தீயவன் அல்லன் என்று இன்னும் சொல்கிறார்கள். நாங்கள் மறுக்கவில்லை. தீயவனாக இருந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்குமே!

இதற்குப் பிறகு வருவதுதான் எங்களை உண்மையாகவே இரு கட்சியாக்கிய இடம். முந்தைய விளையாட்டுகளில் வென்று உயிரோடு எஞ்சியவர் ஏழு பேர். காயின் அவர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒரு யோசனை சொல்கிறார்: மாவட்டங்களின் கோபம் தணிவதற்காக, தலைநகரக் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒருமுறை அந்த விளையாட்டை நடத்துவோமா? பீட்டா ஒருபோதும் கூடாது என்கிறான். ஜோஹன்னா வேண்டும் என்கிறாள், எனோபாரியாவும் அப்படியே. ஆன்னியும் பீட்டியும் கூடாது என்கிறார்கள். காட்னிஸ் நெடுநேரம் யோசித்து, ப்ரிம்முக்காக என்று சொல்லி, வேண்டும் என்கிறாள்! அவளைப் பின்பற்றி ஹேமிச்சும் வேண்டும் என்கிறார். நான்குக்கு மூன்று.

தங்கையை இழந்தவள் வேறு யாருடைய தங்கையையோ களத்துக்கு அனுப்பச் சம்மதிப்பாளா? எங்களில் மூவர், ஆம், அந்தக் கணத்தில் அவள் உள்ளம் உடைந்திருந்தது, பழி வாங்கத்தான் சொன்னாள் என்கிறார்கள். மற்ற நால்வர், அது காயினை நம்ப வைக்கச் சொன்ன சொல் என்கிறோம். எங்கள் பக்கத்துக்குச் சான்று உண்டு. வாக்களிக்குமுன் அவள், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பும் சிலர் இவ்வாறே மேசையைச் சுற்றி அமர்ந்துதான் இதைத் தொடங்கினார்களோ என்று எண்ணிப் பார்க்கிறாள். அப்படி எண்ணுகிறவள் அதையே மீண்டும் தொடங்குவாளா? ஹேமிச் தன்னை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கும் நேரம் இது என்றும் நினைக்கிறாள். வெளிப்படையாகப் பழி வாங்குவதைப் புரிந்துகொள்ள யாரும் மெனக்கெட வேண்டியதில்லையே! மேலும் அடுத்த அத்தியாயத்தையே பாருங்கள். ஸ்னோவைக் கொல்ல அவள் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். ஒரே ஓர் அம்பு. ஸ்னோ கம்பத்தில் கட்டுண்டு நிற்கிறார். மாடத்தில் காயின் நின்று பார்க்கிறார். அம்பு சற்றே மேலே திரும்புகிறது. மாடத்திலிருந்து விழுவது காயின்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பறையில் ஒருத்தி மேசையைத் தட்டினாள் என்றால் நம்புங்கள். ஆனாலும் இதைப் பெரியவர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. கொலையைக் கொண்டாடுகிறார்களே என்று சிஸ்டர் கேட்டபோது நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. கேள்வி நியாயமானதே. காட்னிஸும் அதைக் கொண்டாடவில்லை. அக்கணமே நஞ்சை உண்டு தானும் சாகப் பார்க்கிறாள். பீட்டா கையைக் குறுக்கே வைத்துத் தடுக்கிறான். பின்னர் அவளுக்கு மனநிலை சரியில்லை என்று தீர்ப்பளித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எட்டாம் மாவட்டத்துப் படைத் தலைவி பேலர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாத்தியமில்லை, மாலையில்லை.

நூலில் எங்களுக்குக் குறைகளும் தோன்றுகின்றன. ஃபின்னிக் என்ற அருமையான பாத்திரம் திருமணமான சில நாட்களிலேயே சாக்கடைச் சுரங்கத்தில் இறக்கிறான். அதற்குச் சில வரிகளே கிடைத்திருக்கின்றன. போரில் சாவு அப்படித்தான் வரும் என்று சொல்லலாம். ஆயினும் மூன்று நூல்களில் பாதியை அவனோடு கழித்த வாசகருக்கு நின்று அழ ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். இரண்டாவது, காட்னிஸ் அடிக்கடி மயங்கி விழுந்து, முக்கியமான சங்கதிகளைப் பிறர் வாயிலாகக் கேட்டு அறிகிறாள். அவளுடைய வழக்கே அவள் இல்லாத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது! கோர்ட்டுக் காட்சியை ஆவலுடன் எதிர்பார்த்த எங்களுக்கு அது உப்பில்லாப் பண்டமாகவே பட்டது.

ஆனால் கடைசிப் பக்கங்களைப் பற்றிக் குறை கூற எங்களால் முடியாது. ப்ரிம் வளர்த்த அவலட்சணமான பூனை ஒன்று உண்டு. காட்னிஸுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. எங்கேயோ இருந்த அது, காடு மேடெல்லாம் கடந்து ப்ரிம்மைத் தேடிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்கிறது. அவள் இல்லை, போ என்று பூனையின்மேல் கையில் கிடைத்ததை எறிந்து கத்துகிறாள் காட்னிஸ். அப்போதுதான் அவளுக்கு அழுகை வருகிறது. வீட்டின் பக்கத்தில் பீட்டா நடுவதற்குக் கொண்டுவருகிற செடி ப்ரிம்ரோஸ். இறந்தவர்களை மறக்காமலிருக்க அவர்கள் ஒரு புத்தகம் எழுதுகிறார்கள். தாய் ஊருக்குத் திரும்பவில்லை. நான்காம் மாவட்டத்தில் மருத்துவமனை அமைக்கப் போய்விடுகிறாள்.

பிற்சேர்க்கையில் காட்னிஸுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருக்கிறார்கள். பிள்ளையே பெறமாட்டேன் என்று முதல் நூலிலேயே சொன்னவள் ஆயிற்றே, ஆசிரியை அவள் வாக்கை மாற்றிவிட்டாரே என்று எங்களில் ஒருத்திக்கு இன்றளவும் கோபம். அவளுக்கு நாங்கள் சொல்லும் விடை: காட்னிஸ் மறுத்தது குழந்தையை அன்று, குலுக்கலை. தன் வயிற்றில் பிறந்ததன் பெயரைச் சீட்டில் எழுத அவள் ஒப்பவில்லை. குலுக்கல் ஒழிந்த பின்பும் சம்மதிக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அக்குழந்தைகள் விளையாடும் புல்வெளியின் கீழே ஊராரின் பிணங்கள் கிடக்கின்றன என்பது குழந்தைகளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கெட்ட கனவு கண்டு எழும் நாட்களில், தான் கண்ட நற்செயல்களையெல்லாம் மனத்துக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே அவள் கண்ட மருந்து. எங்கள் தோழி இவ்விடையை ஏற்கவில்லை. ஏற்காதவரைத் திருத்த எங்களுக்கும் தெரியவில்லை.

இதைப் போன்ற முடிவுக்காக வாசகரிடம் ஏச்சு வாங்கியவர் காலின்ஸ் ஒருவர் மட்டும் அல்லர். வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' வரிசையின் கடைசி நூலாகிய 'அலீஜியன்ட்' 2013-இல் வந்தது. அதில் கதை சொல்லும் கதாநாயகியே இறந்துவிடுகிறாள். வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கே இறந்தவள் தன் சாவைத் தானே தேர்ந்துகொண்டாள், ப்ரிம் தேர்ந்துகொள்ளவில்லை. எங்களுக்கு ப்ரிம்மின் சாவுதான் அதிகமாக வலிக்கிறது.

கதையைக் கதை என்று விட்டுவிடாதவர்களும் உண்டு. பன்னிரண்டாம் மாவட்டத்தார் இறந்தவருக்கு விடைகொடுக்கும்போது இடக்கையின் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவார்கள். நன்றி, மதிப்பு, பிரிவு ஆகிய மூன்றும் அதில் அடக்கம். 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, மக்கள் வீதியில் அம்மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் முன்னிலையில் அப்படிக் கை உயர்த்திய மாணவர் ஐவரைப் பிடித்துச் சென்றார்கள். 2020-இல் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் கொடி ஏற்றும் வேளையிலேயே மூன்று விரலை உயர்த்தி நின்றார்கள். 2021-இல் மியன்மாரிலும் இது பரவியது. நம் காலை வணக்கக் கூட்டத்தில் வரிசை சற்றுக் கோணினாலே என்ன ஆகும் என்று தெரிந்த எங்களுக்கு, அப்பிள்ளைகளின் துணிச்சல் எத்தகையது என்பது விளங்குகிறது.

இத்தகைய கொடுமை நிறைந்த நூலைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவிலேயே இக்கேள்வி எழுந்ததுண்டு. நூலகங்களிலிருந்து நீக்கவேண்டும் என்று அதிகமாக முறையிடப்பட்ட பத்து நூல்களின் பட்டியலில் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இது இடம்பெற்றது. எங்கள் அம்மாக்களில் ஒருவர் பாதி படித்துவிட்டு, பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வதை எப்படியடி படிக்கிறாய் என்று கேட்டார். இதைப் பார்த்து மகிழும் தலைநகரத்து மக்களைப் போல நாம் ஆகிவிடக் கூடாது என்றுதான் ஆசிரியை எழுதியிருக்கிறார் என்று மகள் பதில் சொன்னாள். அம்மா மறு பாதியையும் படித்தார். ப்ரிம் இறந்த இடத்தில் அவரும் அழுதாராம். ஆனால் வெங்காயம் நறுக்கியதால் என்று சாதித்தார்.

திரைப்படமாக இக்கடைசி நூலை 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார்கள். நூலைப் படித்தபின் பார்ப்பது நலம். காலின்ஸ் இதே நாட்டின் முந்தைய காலத்தைப் பற்றி 2020-இலும் 2025-இலும் மேலும் இரு புதினங்கள் எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்று இப்போது எங்கள் வகுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எட்டாம் வகுப்புத் தங்கையை உடைய தோழி, முதல் மூன்று நூல்களையும் அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். பதினான்கு வயது நிரம்பிய பிறகே தருவது என்பது அவள் தீர்மானம். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது.